வாட்ச் பட்டைக்கு அடியில்

நல்லவர்களை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். அதனால் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூட்டம் போட்டு நல்லவர்களாக இருக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த மாதிரி ஏழெட்டுப் பேரோடு ஒரு வருஷம் பழகினேன். அதில் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் இருந்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானே சிரித்தாயிற்று.

ஓசூர் தொழிற்பேட்டையில் பைக் டேங்குக்கு பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. பெயின்ட் ஷாப்பை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை, அதற்கு லேப் என்று பெயர். டேங்க் எங்களிடமிருந்து போகும், பைக்கின் பக்கவாட்டு மூடி வேறு கம்பெனியிலிருந்து வரும், இரண்டையும் ஒரே பைக்கில் மாட்டும்போது ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரியோடு திரும்பி வரும். ஒரே சிவப்புதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். கண்ணை நம்பிப் போட முடியாது. அதற்கு ஒரு கருவி இருந்தது, கலர் மீட்டர் என்போம். சின்ன இஸ்திரிப் பெட்டி அளவு இருக்கும். டேங்க் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்து எண்களைக் காட்டும். இந்தக் கதைக்கு அதில் ஒரு எண் போதும். பூஜ்யம் என்றால் முழுக் கறுப்பு, நூறு என்றால் முழு வெள்ளை. டேங்கும் மூடியும் ஒரு பாயின்ட் தள்ளி நின்றாலே நிறுத்திவிடுவேன்.

மீட்டருக்கென்று சில விதிகள் உண்டு. முதலில் ஒரு வெள்ளை ஓட்டின் மேல் வைத்து அதன் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளணும். அப்புறம் எல்லா டேங்கிலும் ஒரே இடத்தில் வைக்கணும், மூன்று தடவை எடுத்து சராசரி போடணும். இடம் மாறினால் எண் மாறும். புதிதாக வேலைக்கு வந்த யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இன்னொரு விதியும் இருந்தது, அது மீட்டருக்கல்ல, எங்களுக்கு. பெயின்ட் ஷாப்புக்குள் வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் கூடாது, டேங்கில் கீறல் விழுந்துவிடும். வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அதில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரணும். தினமும் கழற்றி மாட்டச் சோம்பேறித்தனம், நான் வாட்ச் கட்டுகிறதையே விட்டுவிட்டேன்.

நான் கறுப்பு. மாநிறம், கலர் கொஞ்சம் கம்மி என்கிற சுற்றிவளைப்பெல்லாம் வேண்டாம், கறுப்பு. கல்லாவியில் எங்கள் வீட்டில் எல்லோருமே கறுப்பு, அதனால் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் எனக்கு அது தெரியாது. ஓசூரில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என் கல்யாணம்தான் காலை மாலைக் கவலை. பாரூர் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. பையன் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் வேலை. பையனுடைய அப்பா கூடத்தில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு, பொண்ணு கலர் கம்மியா இருக்குது, அஞ்சு பவுன் சேர்த்துப் போட்டுடுங்க என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காபி டம்ளரைக் கழுவவே மாட்டேன் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த மனுஷன் மேல் இன்றைக்கு எனக்கு ஒரு மரியாதை உண்டு. வாயில் வந்ததை வாயால் சொன்னார், அதற்கு ஒரு படம் வரைந்து காட்டவில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறப்பதற்குள் பாரூர்க்காரர்களுக்கு ஒரு பதில் சொல்லணும் என்று அக்கா கெடு வைத்துவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒரு ஆள் இருந்தார்.

அவர் எங்கள் கம்பெனியிலேயே அசெம்பிளியில் இன்ஜினியர். ஓசூரில் அப்போது ஒரு அறிவியல் வட்டம் இருந்தது, அதற்கு அவர் செயலாளர். பெயர் வேண்டாம், செயலாளர் என்றே வைத்துக்கொள்வோம், அவருக்கும் அதுதான் பிடிக்கும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சனிக்கிழமை ராத்திரி எந்தத் திசையில் வியாழன் தெரியும் என்று சொல்லுவார். நன்றாகப் பேசுவார். நான் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பார், அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். மீட்டருக்குள்ளே வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்று என்னிடம் கேட்ட முதல் ஆம்பளை அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் மேலே போனால் நானும் அவரை மாதிரி ஆகிவிடுவேன். கல்யாணம் என்ற பேச்சையும் அவர்தான் எடுத்தார். அம்மாவிடம் பேசணும், கொஞ்சம் டைம் கொடு என்றார். சேலத்திலிருந்து வந்து ஓசூரில் வீடு கட்டிக் குடியேறிய குடும்பம், அப்பா இல்லை, அம்மா வைத்ததுதான் சட்டம். அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரணும், அதுவும் ஆவணிக்குள் வரணும். எனக்கு அந்த வருஷம் வேறு எந்தக் கவலையும் இல்லை.

வட்டத்தைப் பற்றிச் சொல்லணும். எல்லோரும் இன்ஜினியர்கள், ஒரே ஒருவர் மட்டும் பேங்கில் மேனேஜர். பாகலூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். புளூட்டோ கோளா இல்லையா என்று மூன்று வாரம் மின்னஞ்சலில் சண்டை போட்டு, ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், அவரை இரண்டு பேர் வீட்டுக்குப் போய் சமாதானம் செய்து கூட்டி வந்தார்கள். ஒரு தடவை லேஅவுட்டில் டெலஸ்கோப் வைத்து ஊர் ஜனங்களுக்கு சனியின் வளையத்தைக் காட்டுகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ஜனம் வரிசையில் நின்றது. இவர்கள் முதலில் ஒரு மணி நேரம் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடிக்கிறதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. ஜனங்கள் அறியாமையில் கிடக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் வருத்தப்பட்டார்கள்.

அந்த வருஷம் அமெரிக்காவில் இணையத்தில் அறிவியல் எழுதுகிற சிலர் சேர்ந்து, அங்கே கறுப்பின மக்கள் மேல் போடப்படுகிற அநியாய வழக்குகளுக்கு வக்கீல் வைக்கப் பணம் திரட்டினார்கள். நியாயமான காரியம். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. அந்தப் பணம் யாரோ ஒரு பையனை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவந்திருந்தால் சந்தோஷம். வட்டமும் இதில் சேரணும் என்று செயலாளர் ஒரு மின்னஞ்சல் போட்டார். உடனே பணத்தை அனுப்பியிருக்கலாம், காரியம் முடிந்திருக்கும். ஆனால் வெறும் பணம் அனுப்பினால் சாதாரண ஜனங்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அறிவியல்பூர்வமாக எதையாவது செய்யணும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இனம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று மூன்று ஞாயிறு விவாதம்.

மூன்றாவது ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. கறுப்பு இங்கே முடிந்தது, வெள்ளை இங்கே ஆரம்பித்தது என்று எங்கே கோடு போடுவீர்கள், ஊரில் இருக்கிறவர்களை வரிசையாக நிற்கவைத்து என் மீட்டரால் அளந்து பாருங்கள், நடுவில் இடைவெளியே இருக்காது என்றேன். செயலாளருடைய முகத்தைப் பார்க்கணுமே, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் அதையே அவர் தன்னுடைய யோசனையாக எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். கடைசி வரியில் எனக்கு நன்றி. அதைக்கூட நான் அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவு புத்திசாலி நான்.

திட்டம் இதுதான். அறுபது பேரின் தோலை அளப்பது. வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை வரைந்து, வரிசையாக இணையத்தில் போடுவது. பெயர் கிடையாது, எண், என்ன வேலை, எந்த ஊர் என்பது மட்டும். நடுவில் எங்கேயும் இடைவெளி இல்லை, ஆகவே இனம் என்பது மனுஷன் போட்ட கோடு, இதை ஒத்துக்கொள்கிறவர்கள் இங்கே அழுத்திப் பணம் கொடுங்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அளக்கும் முறையை ஒரு பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். வலது கை, வெளிப்பக்கம், முழங்கைக்கு நாலு விரல் கீழே, மூன்று தடவை, சராசரி. எல்லோருக்கும் ஒரே இடம் என்பதை அடிக்கோடு போட்டு எழுதினேன். மீட்டரை வெளியே எடுக்க கேட் பாஸில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். கீழே விழுந்து உடைந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

அளந்த ஞாயிறு நல்ல கூத்து. மதியம் வரைக்கும் நான்தான் அழுத்தினேன். பள்ளிக்கூட வாட்ச்மேன், எதிரே பழம் விற்கிற அம்மா, பேரிகையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த வேன் டிரைவர், தெருவில் போனவர்கள் வந்தவர்கள் எல்லோருக்கும். எதிர் டீக்கடைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு வந்து கையை நீட்டினார். "ஏனு சார், ஜ்வரா நோட்தீரா?" என்று கேட்டார், காய்ச்சல் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். செயலாளர் அவருக்கு அமெரிக்க வரலாறு முழுவதையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் காய்ச்சல் இல்லையே என்று ஒரு தடவை உறுதி பண்ணிக்கொண்டு கடைக்குப் போனார். நல்ல மனுஷன், எங்களுக்கெல்லாம் டீயும் கொடுத்தனுப்பினார்.

எனக்கு நானே எடுத்தேன். முப்பத்தெட்டு. மூன்று தடவை எடுத்தாயிற்று, ஆனாலும் நாலாவதாக ஒரு தடவை அழுத்தினேன். ஒரு பாயின்டாவது ஏறாதா என்று ஒரு நப்பாசை. ஏறவில்லை. மீட்டருக்கு என்ன தெரியும். மதியம் எனக்கு இரண்டாம் ஷிப்ட், ஞாயிறு பெயின்ட் ஓடாது, லேப் கணக்கு எழுதுகிற வேலைதான். செயலாளரையும் சேர்த்து வட்டத்தின் கமிட்டிக்காரர்கள் ஆறு பேரை மட்டும் அளக்கவில்லை, வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மீட்டரை செயலாளர் கையில் கொடுத்து, முறையைப் பார்த்து எடுங்கள், திங்கட்கிழமை பத்திரமாகக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நாளில் படம் இணையத்தில் ஏறியது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கோதுமை மாவிலிருந்து புளி வரைக்கும் வரிசையாக அறுபது பட்டைகள். கடைசிப் பட்டை நான். 'பெயின்ட் ஆய்வகம், ஓசூர்' என்று கீழே போட்டிருந்தது. கடைசியில் நின்றதற்கு நான் வருத்தப்படவில்லை. ஒரு வரிசை என்றால் யாராவது கடைசியில் நிற்கத்தான் வேண்டும், தவிர அந்த வரிசையே என் யோசனை. அமெரிக்காவிலிருந்து யார் யாரோ பாராட்டி எழுதினார்கள், பணமும் வந்தது. வட்டத்தில் ஒருவரும் தரையில் நிற்கவில்லை. டீ ஷர்ட் அடிக்கலாமா என்று ஒரு மின்னஞ்சல் ஓடியது.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் வெளுப்பு மூலையில் ஒரே கொத்தாக நின்றார்கள். செயலாளர் ஐம்பத்தேழு. தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் கையைப் பார்க்கிறவள் நான், கலர் பார்த்து சம்பளம் வாங்குகிறவள். அந்தக் கை ஐம்பத்தேழு இல்லை. அவர்கள் மேல் சந்தேகம் வந்ததா என்றால் இல்லை, என் மீட்டர் மேல்தான் வந்தது. ஹாலில் யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள், மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது, அந்தப் பத்து நாளில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய டேங்கெல்லாம் தப்பு என்று முடிவே பண்ணிவிட்டேன். மறுநாள் ஓடிப்போய் வெள்ளை ஓட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பழைய டேங்க் பத்தை எடுத்துத் திரும்ப அளந்தேன், எல்லாம் சரி. சரி, ஹாலில் வெளிச்சம் எப்படியோ என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். மீட்டருக்கு வெளி வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன். பிடித்துப்போன ஆள் விஷயத்தில் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

ஆடி பாதி போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை செயலாளர் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றார். எனக்குக் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றுவிட்டது. என்ன சொன்னார்கள் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, பொண்ணு என்ன கலர் என்று கேட்டாராம். உலகத்தில் வேறு எந்த ஆம்பளையாக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பான்? நல்லா இருப்பாம்மா, வந்து பாரு என்று சொல்லியிருப்பான். இல்லை, அதெல்லாம் எனக்கு முக்கியமில்லை என்று சொல்லியிருப்பான். இவர் அறிவியல் வட்டத்தின் செயலாளர் ஆயிற்றே. இதற்குத்தான் நம்மிடம் சரியான பதில் இருக்கிறதே என்று கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். இதோ இது நான், இதோ இது அவள், நடுவில் பாரும்மா, இடைவெளியே இல்லை என்று விளக்கியிருக்கிறார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"நீ இந்தக் கோடியில நிக்கற, அவ அந்தக் கோடியில நிக்கறா. நடுவுல எத்தனை பேர் நிக்கறாங்க பாருடா."

எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. படத்தைச் சரியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். இவரோ என்னிடம் போய், அம்மா பழைய காலத்து ஆள், அறிவியல் மனப்பான்மை கிடையாது, நீ மனசுல வெச்சுக்காதே என்று சமாதானம் சொன்னார். அதோடு விட்டிருந்தால்கூட நான் அழுதுவிட்டு அவருக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருந்திருப்பேன். அப்புறம் குனிந்து, ரகசியம் மாதிரி, ரொம்பப் பிரியமாக, ஒரு வழி சொன்னார்.

"உனக்கு மறுபடி ஒரு ரீடிங் எடுத்துடலாம். நாங்க எடுத்த மாதிரியே எடுத்து மாத்திப் போட்டுடறேன். அம்மாகிட்ட காட்டினா ஒத்துக்குவாங்க."

நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"வாட்ச் பட்டைக்கு அடியில. வெயில் படாத தோல்தான் ஒரிஜினல் கலர். வெளிக்கையில இருக்கறது வெயில் கலர், அது சும்மா சூழ்நிலை. கமிட்டியில பேசித்தான் அப்படி முடிவு பண்ணோம்."

"டீக்கடைக்காரருக்கு ஏன் அப்படி எடுக்கல?"

"அவர் வாட்ச் கட்டலையே."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருட்டுத்தனமும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. திருடனாக இருந்திருந்தால் மாட்டிக்கொண்டோம் என்று முழிப்பான். இவர் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். பழக்கார அம்மா, வாட்ச்மேன், வேன் டிரைவர், டீக்கடைக்காரர், நான், எங்களுக்கெல்லாம் வெயில் கலரே ஒரிஜினல். இவர்கள் ஆறு பேருக்கு மட்டும் உள்ளே வேறு ஒரு கலர் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்து இணையத்தில் போட்டு, மனுஷன் எல்லாம் ஒன்று, பணம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் வெள்ளை ஓடு, என் கேட் பாஸ், அடிக்கோடு போட்ட என் காகிதம். கண்றாவி. இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். டீ டைமுக்கு லேப்புக்கு வாங்க, ரீடிங் எடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

நாலு மணிக்கு வந்தார். பெயின்ட் ஷாப் வாசலில் வாட்சைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தானே வரணும், போட்டுவிட்டு வந்தார். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் தனியாக வெளுத்துத் தெரிந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. உன் மணிக்கட்டைக் காட்டு என்றார், நானும் வாட்ச் கட்டுகிறதில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. முதலில் நீங்கள் உட்காருங்கள் என்றேன். மீட்டரை வெள்ளை ஓட்டில் வைத்துச் சரி பார்த்தேன். அவருடைய வலது கையைப் பிடித்து மேஜை மேல் வைத்தேன். அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் இதற்காக. வெளிப்பக்கம், முழங்கைக்கு நாலு விரல் கீழே, மூன்று தடவை அழுத்தினேன்.

நாற்பத்திரண்டு.

பக்கத்திலேயே என் கையை வைத்து எடுத்தேன். அதே முப்பத்தெட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நாலு. அறுபது பேர் வரிசையில் அந்த நாலு பாயின்டுக்குள் நின்றவர்கள் டீக்கடைக்காரரும் வேன் டிரைவரும் மட்டும்தான். என் கோபம் ஒரு நிமிஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, நம்பிக்கைகூட வந்தது. இவ்வளவுதானா, இவ்வளவுதானே என்று இருந்தது. வீட்டில் அக்காவிடம் என்ன சொல்வது, என்ன புடவை கட்டுவது என்று வரைக்கும் மனசு ஓடிவிட்டது. எண்ணை அவருக்குக் காட்டினேன்.

"இதைப் போய் உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. அவ கலரை மாத்த வேண்டாம்மா, நானே அந்தக் கோடிதான், நாற்பத்திரண்டுதான், தப்பா எடுத்துட்டோம்னு சொல்லுங்க. சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க."

அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கன்வேயரில் டேங்குகள் போய்க்கொண்டிருந்தன. பொய் சொல்லச் சொல்லவில்லை, சண்டை போடச் சொல்லவில்லை, வீட்டை விட்டு வரச் சொல்லவில்லை. ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னேன். தன் கையைப் பற்றிய உண்மையை. அமெரிக்காவில் இருக்கிற கறுப்பர்களுக்காக ஊரைக் கூட்டிய ஆள்.

"அம்மா ரொம்பக் கஷ்டப்படுவாங்க," என்றார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அடுத்த பேட்ச் டேங்க் வந்து நின்றது. மீட்டரின் வாயை மென்துணியால் துடைத்தேன், அவர் கை பட்ட எண்ணெய் டேங்கில் ஒட்டக் கூடாது. திரும்ப வெள்ளை ஓட்டில் வைத்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். டேங்க் பார்க்கணும், வழி விடுங்க என்றேன். அழுகை அக்கா வீட்டுக்குப் போனபிறகு வந்தது, நன்றாகவே வந்தது. என்னடி ஆச்சு என்று அக்கா கேட்டாள். அவங்க வரமாட்டாங்க என்றேன். அப்போ பாரூருக்குச் சரின்னு சொல்லிடட்டா என்று உடனே கேட்டாள், அவள் கவலை அவளுக்கு. அதுவும் வேண்டாம் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வட்டத்துக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆறு பேரை வேறு இடத்தில் அளந்திருக்கிறார்கள், முறையாக எடுத்த செயலாளரின் எண் நாற்பத்திரண்டு, படத்தைத் திருத்துங்கள் என்று மூன்றே வரி. அமெரிக்கக் குழுவுக்கும் ஒரு நகல் போட்டேன். இங்கே மூன்று வாரம் விவாதம் நடந்தது, புளூட்டோவுக்கு நடந்த மாதிரியே. நல்ல காரியம் நடக்கும்போது இப்படிக் கெடுக்கலாமா என்று பேங்க் மேனேஜர் எழுதினார். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் என்ன எழுதினார் தெரியுமா? தன் தவறைத் தானே ஒத்துக்கொண்டு எண்ணைத் திருத்துகிற செயலாளரின் நேர்மை எல்லோருக்கும் பாடம் என்று எழுதினார். நான் அவருடைய உதவியாளர் என்று நினைத்துவிட்டார் போல. அதற்கு செயலாளர் அடக்கமாக ஒரு பதில் போட்டார், தன்னைத் தானே திருத்திக்கொள்வதுதான் அறிவியல் என்று. படத்தை மாற்றவில்லை. அடியில் பொடி எழுத்தில், அளக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று ஒரு குறிப்புச் சேர்த்தார்கள். நான் அதற்கப்புறம் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போனதில்லை.

அடுத்த தை மாதம் அவருக்குக் கல்யாணம். லேப்புக்கே வந்து பத்திரிகை வைத்தார், அந்தத் தைரியம் அவருக்கு உண்டு. நான் பிற்பாடு கல்யாணம் பண்ணிக்கொண்டது வேறு ஆளை, அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை. கம்பெனியில் எல்லோரும் வேன் பிடித்துக் கிளம்பினார்கள், நானும் போனேன். போகாவிட்டால் நான் எங்கேயோ உட்கார்ந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். மண்டபத்தில் காதில் விழுந்ததெல்லாம் ஒரே பேச்சு, பொண்ணு நல்ல கலர் என்று. பாவம், அந்தப் பெண் மேல் எனக்கு என்ன இருக்கிறது. களைத்துப்போய் சிரித்துக்கொண்டு நின்றது.

மொய்க் கவர் வைக்கவில்லை. ஓசூர் பஜாரில் ஒரு வாட்ச் வாங்கியிருந்தேன். என் சம்பளத்துக்கு அது அதிகம், அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மேடையில் ஏறி டப்பாவைத் திறந்தே கொடுத்தேன், இப்பவே கட்டிக்கோங்க, போட்டோவில் வரணும் என்றேன். பக்கத்தில் அவர் அம்மா நின்றார். சுற்றி எல்லோரும் பார்க்கிறார்கள், கட்டாமல் என்ன செய்வார்? கையில் இருந்த பழைய வாட்சைக் கழற்றினார். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் தடமும், அதற்கு மேலேயும் கீழேயும் இருந்த அவருடைய கையும் பளிச்சென்று தெரிந்தன. அவர் அம்மாவும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"அகலமான பட்டையா கேட்டு வாங்கினேங்க," என்றேன்.

அவசரமாகக் கட்டிக்கொண்டார். சரியாக இருந்தது.